பார்வைப் புறாக்கள்

ஜே. ஏ. பேக்கரின் 'தி பெரிக்ரின்' நூலைப் பற்றி இங்கே எழுதவேண்டும் என்று நெடுநாட்களாக எண்ணிக்கொண்டிருந்தோம். 1967இல் வெளிவந்த அந்நூலைக் கணவனும் மனைவியுமான நாங்கள் ஒரே குளிர்காலத்தில், ஒரே பிரதியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வாசித்தோம். எஸ்ஸெக்ஸ் வயல்வெளிகளில் பத்துக் குளிர்காலங்கள் பெரிக்ரின் வல்லூறுகளைப் பின்தொடர்ந்த ஒரு மனிதரின் பதிவு அது. அதன் மொழியழகைப் பலரும் எழுதிவிட்டார்கள். எங்களைப் பிடித்து நிறுத்தியதோ, ஒரு கணக்குப்பிள்ளையின் சிரத்தையோடு அவர் தந்திருந்த பட்டியல். அவர் கண்டெடுத்த 619 இரைகளில் 38 விழுக்காடு மரப்புறாக்கள்.

எழுத உட்கார்ந்தபோது நூல் மெல்ல விலகிக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முந்தைய பிப்ரவரி நாள் ஒன்று முன்னால் வந்து நின்றது. ஆகவே இது மதிப்புரை அன்று. அந்த ஒரு நாளைப் பற்றிய கட்டுரை.

நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஒரு சிற்றூரில். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். வாழ்நாளெல்லாம் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டுகளாக அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது: ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் புறா சுடுவது. கூலி கிடையாது. சுட்ட புறாக்களை இறைச்சிக்கு விற்றுத் தோட்டாச் செலவை ஓரளவு ஈடுகட்டிக்கொள்வார். அவருக்குப் பணத்தைவிட முக்கியமானது அனுமதி. இன்னாருடைய வயலில் இன்னார் சுடலாம் என்பது பண்ணையாரின் வாய்ச்சொல்லில் நிற்கும் உரிமை. அந்தச் சொல்லைத் தக்கவைத்துக்கொள்ள, மாலையில் காட்டும் எண்ணிக்கை நன்றாக இருக்கவேண்டும்.

மரப்புறாவை நம்மூர் மாடப்புறாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கழுத்தில் வெள்ளைத் திட்டும் இறக்கையில் வெள்ளைப் பட்டையும் கொண்ட, அரைக் கிலோ எடையுள்ள பெரிய பறவை அது. பிரிட்டனில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் இணைகள் இருக்கின்றன. 1970களுக்குப் பிறகு, கடுகின் இனத்தைச் சேர்ந்த ரேப் என்ற எண்ணெய்வித்துப் பயிர் இங்கே பெருகியது. குளிர்காலம் முழுக்கப் பச்சையாக நிற்கும் அதன் இலைகள் புறாக்களுக்குக் கிடைத்த வற்றாத அன்னசத்திரம். ஆயிரக்கணக்கில் இறங்கி, இலைகளைக் கொத்திக் கிழித்துக் குருத்தையும் தின்றுவிடும். இவற்றை விளையாட்டுக்காகச் சுடச் சட்டம் இடம் தருவதில்லை. பயிருக்கு நேரும் கடும் சேதத்தைத் தடுப்பதற்கான பொது உரிமத்தின்கீழ்தான் சுடவேண்டும். வல்லூறு, பருந்து இனங்களுக்கோ 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உண்டு. மீறினால் சிறை வரை போகலாம்.

"பருந்துகளைப் பற்றிப் படிக்கிறீர்களாமே. அவை எனக்கு என்ன செய்கின்றன என்று வந்து பாருங்கள்" என்று அவர்தான் அழைத்தார்.

விடியுமுன் போய்ச் சேர்ந்தோம். முள்வேலிப் புதர் ஓரம் நான்கு கழிகளை நட்டு, பச்சையும் பழுப்புமான வலையைக் கட்டி, மூவர் குந்தும்படி ஒரு மறைப்பு அமைத்தார். பிறகு வயலில் இருபதடி, முப்பதடித் தொலைவுகளில் பிளாஸ்டிக் புறாக்களைக் குதிரைலாட வடிவில் பரப்பினார். எல்லாம் காற்றை எதிர்நோக்கியபடி. நடுவில் வேண்டுமென்றே ஒரு வெற்றிடம். வரும் புறா அங்கேதான் இறங்க முனையும். துப்பாக்கியின் கண்ணும் அங்கேதான் இருக்கும். மின்கலத்தால் சுழலும் இரண்டு நீண்ட கம்பிகளின் நுனியில் செத்த புறாக்கள் இரண்டைப் பொருத்தினார். தூரத்திலிருந்து பார்த்தால், இரண்டு புறாக்கள் வட்டமிட்டு இறங்குவதுபோலவே இருந்தது.

பழகிய விலங்கைக் காட்டி மற்ற விலங்கைப் பிடிக்கும் உத்திக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்ததும் எங்களுக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

"தலையைத் தூக்காதீர்கள், வெள்ளை முகம் பளிச்சென்று தெரியும்" என்றார். எங்கள் முகங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்றோம். அவர் சிரித்துவிட்டு, "நிறத்தைவிட அசைவைத்தான் அது முதலில் பார்க்கும்" என்றார்.

காலை பத்து மணிக்குள் இருபத்திரண்டு புறாக்கள் விழுந்தன. நாங்கள் எதிர்பார்த்ததைவிட அது கடினமான காட்சி. அடிபட்டு விழுந்து துடித்த ஒன்றை அவர் ஓடிப்போய்க் கையால் முடித்துவிட்டு வந்தார். வந்தவை எல்லாம் ஒன்றும் இரண்டுமாக வந்தவை என்பதைக் கவனித்தோம். அதுதான் வேண்டும் என்றார். பெருங்கூட்டம் வந்தால் ஒரு வெடியில் எல்லாம் போய்விடும். ஒற்றை ஒற்றையாக வருவதே சுடுபவரின் வாழ்வு.

பிறகு வானம் காலியாயிற்று.

முதலில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயலின் மறுகோடியில் மேய்ந்துகொண்டிருந்த முந்நூறு நானூறு புறாக்கள் ஒரே அறையாக எழுந்தன. இறக்கையடி கைதட்டல்போல் கேட்டது. திரண்டு, நெருங்கி, ஒரு திசையில் சாய்ந்து, தோப்பைத் தாண்டிப் போயின. அதற்கும் மேலே, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும், ஒரு கரும்புள்ளி. அது சரிந்து கூட்டத்தின் ஓரத்தைக் கீறிக்கொண்டு போயிற்று. எதுவும் விழவில்லை. பெரிக்ரின் வெறுங்காலோடு மேலேறியது.

"இனி மத்தியானம்வரை ஒன்றும் வராது" என்றார் அவர். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. வைரி போன்ற பஸர்ட் பறவைகள் வந்து செத்த புறாக்களைக் கிழிப்பதும், ஸ்பாரோஹாக் பிளாஸ்டிக் பொம்மையை அறைந்து ஏமாறுவதும் வேடிக்கைதான் என்றார். ஆனால் வேட்டையாடும் ஒரு பெரிக்ரின் ஒரு நாளையே எடுத்துக்கொண்டுவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. பயிரைக் காப்பதுதானே நோக்கம்? வல்லூறு அந்த வேலையை ஒரு தோட்டாச் செலவில்லாமல் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டதே! சற்றுத் துடுக்காகவே கேட்டோம். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "அவை அடுத்த வயலுக்குத்தான் போயிருக்கின்றன. பறவை போனதும் திரும்பி வரும். நான் சுட்டவை திரும்பி வராது."

நியாயமான பதில். ஆனால் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. எங்கள் மாவட்டத்திலேயே உள்ள கார்ல்ட்டன் என்ற ஊரில், 1950களின் இறுதியிலிருந்து இயன் மர்ட்டன் என்ற ஆய்வாளர் மரப்புறாக்களை ஆண்டுக்கணக்கில் எண்ணினார். குளிர்காலத்தில் எத்தனை சுட்டாலும் வசந்தத்தில் எஞ்சும் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வயலில் கிடைக்கும் தீனிதான் என்று கண்டார். அன்று அது க்ளோவர் என்ற தீவனப் பயிர். சுடப்பட்டவற்றில் பெரும்பகுதி, சுடாவிட்டாலும் பசியால் மடிந்திருக்கக்கூடியவை. ஆக, வல்லூறும் வேட்டைக்காரரும் யார் பெரியவர் என்று போட்டியிட, கணக்கை எழுதுவது என்னவோ வயல்தான்.

இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. தேநீர்க் குடுவையும் காலியாயிற்று. அப்போதுதான் தோப்பின் பக்கமிருந்து ஒற்றைப் புறா ஒன்று நேராகப் பொம்மைகளை நோக்கி வந்தது. அவர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். புறாவின் பின்னால், தரையோடு தரையாக, வல்லூறு.

நடந்தது இரண்டு மூன்று நொடிகள். புறா பொம்மைகளின் நடுவே விழப்போவதுபோல் தாழ்ந்து, கடைசிக் கணத்தில் விலகி, எங்களுக்கு ஐந்தடி அருகே முட்புதருக்குள் பாய்ந்தது. வல்லூறு எங்கள் தலைக்குமேல் எழுந்தது. மார்பின் பட்டைகளும் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையமும்கூடத் தெரிந்தன. துப்பாக்கியின் குழல் புறாவை விட்டு வல்லூறோடு நகர்ந்ததை நாங்கள் பார்த்தோம். அது எழ எழ, குழலும் எழுந்தது. நாங்கள் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். விருந்தினர் என்ற கூச்சமா, அச்சமா என்று இன்றுவரை எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவர் குழலைத் தாழ்த்தினார். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என் அப்பா சுட்டிருப்பார்" என்றார். சற்று நேரம் கழித்து, "நானும்தான், நான் பத்து வயதில் பார்த்ததைப் பார்க்காமலிருந்தால்" என்றார்.

அவர் பார்த்தது 1960ஐ ஒட்டிய வசந்தங்களை. கோதுமை விதையைப் பூச்சியிடமிருந்து காக்க ஆல்ட்ரின், டீல்ட்ரின் என்ற நஞ்சுகளில் தோய்த்து விதைத்த காலம் அது. விதையைப் பொறுக்கிய புறாக்கள் கிழக்கு இங்கிலாந்தின் வயல்களில் குவியல் குவியலாகச் செத்தன. சிறுவனாயிருந்த அவர் தந்தையோடு சாக்கு எடுத்துப்போய்ப் பொறுக்கியிருக்கிறார். புறாக்களைத் தின்ற நரிகளும் செத்துக் கிடந்தன. "அந்த வருஷம் வானத்தில் எதுவும் வட்டமிடவில்லை. புறாக்களை யாரும் பயமுறுத்தவில்லை. அது நல்ல அமைதி இல்லை" என்றார்.

இதன் மறுபாதியை அவருக்கு நாங்கள் சொன்னோம். இரண்டாம் உலகப் போரில், செய்தி சுமக்கும் புறாக்களைக் காக்க 1940இல் அரசே ஆணையிட்டு ஏறத்தாழ 600 பெரிக்ரின்களைச் சுடவைத்தது. அதிலிருந்து அவை மீண்டுவிட்டன. பந்தயப் புறா வளர்ப்போர், பெரிக்ரின்கள் பெருகிவிட்டன, பாதுகாப்பை விலக்குங்கள் என்று 1960இல் அரசிடம் முறையிட்டார்கள். உண்மையை அறிய 1961இல் டெரெக் ராட்கிளிஃப் தலைமையில் நாடெங்கும் கணக்கெடுப்பு தொடங்கியது. பெருகிவிட்டதாகச் சொல்லப்பட்ட பறவை பாதியாகக் குறைந்திருந்தது. குற்றஞ்சாட்டியவர்களின் மனுதான் அதன் அழிவை வெளிக்கொணர்ந்தது. டிடிடி போன்ற நஞ்சுகளால் முட்டை ஓடுகள் மெலிந்துவிட்டதை ராட்கிளிஃப் 1967இல் நிறுவினார். அந்த நஞ்சுகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரிட்டனிலும் சுற்றுத் தீவுகளிலும் 1,769 இணைகள் இருந்தன. எங்கள் தலைக்குமேல் எழுந்தது அந்த மீட்சியின் ஒரு துளி.

வீடு திரும்பிய பின்னும் அந்த ஒற்றைப் புறா எங்களை விடவில்லை. சாவு பின்னால் வரும்போது அது ஏன் பொம்மைகளை நோக்கி வந்தது?

இதற்கு ஓர் அருமையான ஆய்வு உண்டு. ராபர்ட் கென்வர்ட் என்பவர், பழக்கிய கோஸ்ஹாக் என்னும் பெரும்பருந்தை மரப்புறாக்கள்மேல் ஏவி, விளைவுகளை 1978இல் வெளியிட்டார். தனியாக மேய்ந்த புறாவைப் பருந்து தாக்கியபோது ஐந்தில் நான்கு முறை அளவுக்கு வென்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட கூட்டத்தைத் தாக்கியபோது பத்தில் ஒரு முறை அளவுக்குத்தான் வென்றது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக, எங்கோ ஒரு கண் பருந்தை முன்னதாகவே கண்டுவிடுகிறது. தனிமை சாவு, கூட்டம் காப்பு. இந்தப் பாடத்தை எத்தனையோ ஆயிரம் தலைமுறைகளாகப் புறாவுக்குக் கற்பித்தவை பருந்துகளும் வல்லூறுகளுமே.

அப்படியானால் குதிரைலாட வடிவில் பரப்பிய அந்தப் பிளாஸ்டிக் கூட்டம் எதை நம்பி வைக்கப்படுகிறது? இங்கே தீனி இருக்கிறது என்று அது சொல்வது உண்மைதான். கூடவே, இங்கே வா, தனியாக இராதே என்றும் சொல்கிறது. பருந்தே இல்லாத உலகில் புறாவுக்குக் கூட்டத்தின்மேல் இத்தனை தாகம் இருந்திருக்குமா என்பது ஐயமே. தன் நாளைக் கெடுத்ததாக எந்தப் பறவையை வேட்டைக்காரர் நோகிறாரோ, அது ஊட்டிய அச்சத்தை வைத்துத்தான் அவருடைய பொம்மைகள் வேலை செய்கின்றன. சில நொடிகள் துப்பாக்கி ஏந்தி நின்ற அந்த மனிதர், தம் தொழிலின் ஆசானைத்தான் குறிபார்த்துக்கொண்டிருந்தார். இதை அவரிடம் பிறகு சொன்னபோது, நெடுநேரம் யோசித்துவிட்டு, "இருக்கலாம். ஆனால் என் ஆசான் பிழைப்பைக் கெடுக்கிறாரே" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அன்று மாலை பண்ணையார் தம் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, வரிசையாகக் கிடத்தியிருந்த புறாக்களை எண்ணினார். காலையில் விழுந்த அதே இருபத்திரண்டு. "இவ்வளவுதானா? நானூறு இறங்கியதைப் பார்த்தேனே" என்றார்.

"காற்று சரியில்லை" என்றார் எங்கள் அயலார்.

சொல்லிவிட்டு ஒரு கணம் எங்களைப் பார்த்தார். நாங்களும் காற்றைப் பற்றியே ஏதோ சொன்னோம். வல்லூறு வந்துபோகும் வயல் என்ற செய்தி யார் யார் காதுக்குப் போகும் என்பது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். காலையில் பேசியிருக்க வேண்டிய நேரத்தில் மௌனமாயிருந்தோம்; மாலையில் உண்மையை விழுங்கியதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

அடுத்த குளிர்காலம் அந்த வயலில் சுடும் அனுமதி வேறு இருவருக்குப் போயிற்று. எண்ணிக்கை போதவில்லை என்பது காரணம். அவர் எங்களிடம் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் புறாக்கள் இரண்டு சாக்குகளில் அவருடைய கொட்டகையில் கிடக்கின்றன. பனி இல்லாத காலை நேரங்களில், வேலி ஓரம் நின்று தோப்பின் பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். எதைத் தேடுகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. பேக்கரின் நூலை மட்டும் சென்ற கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கொடுத்துவிட்டோம்.