சோறு மூணு, பீச்சு நாலு

ராலி ஓட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் கிலோமீட்டர் கணக்கில் பதில் சொல்வது வழக்கம். கிலோமீட்டருக்கு 2,100 ரூபாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் அத்தானும் கோவைப் பக்கம் ஒரு ஸ்டேஜ் ராலியில் ஓடினோம். அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். இரண்டு நாளில் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓடிய தூரம் சுமார் 90 கிலோமீட்டர். பெட்ரோல், டயர், நுழைவுக் கட்டணம், லாரி வாடகை, அறை, சாப்பாடு, உடைந்த சாமான் என்று திரும்பி வராத செலவு 1,90,000. வகுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் போட்ட கூண்டு, இருக்கை, பெல்ட், எங்கள் இரண்டு பேருக்கான ஹெல்மெட், உடை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அது தனியாக 3,90,000. வண்டி ஏற்கெனவே இருந்தது.

எனக்கு எக்செல் வியாதி உண்டு. எட்டு வருஷமாக மென்பொருள் வேலை பார்த்தால் வரும். அத்தானிடம் இருப்பது ஒரு நீளமான கணக்கு நோட்டு, பட்டறையில் கிரீஸ் படிந்தது. இரண்டிலும் தொகை ஒன்றாக வந்தது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

திருச்செந்தூரில் ராலி என்று சொன்னால் முதலில் கட்சிப் பேரணி என்று நினைப்பார்கள். கார் என்று விளக்கினால், "அஜித் ஓட்டுதாரே, அதா?" அது இல்லை. அஜித் ஓட்டுவது வட்டப்பாதை; எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே தளத்தில் ஓடுவது. ஸ்டேஜ் ராலியில் நிஜமான சாலையை, பெரும்பாலும் மண் சாலையை, மூடிவிட்டு ஒவ்வொரு வண்டியாக, ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் விடுவார்கள். முன்னால் யாரும் தெரியமாட்டார்கள். ஒரு ஸ்டேஜ் முடிந்ததும் அடுத்த ஸ்டேஜுக்குச் சாதாரண சாலையில், லாரி, ஆட்டோ, பள்ளிக்கூட வேன் நடுவில், சிக்னலில் நின்று போகவேண்டும். அங்கே நேரக் கட்டுப்பாட்டுச் சாவடி இருக்கும். ஒரு நிமிடம் தாமதமாகப் போனால் 10 விநாடி தண்டம். ஒரு நிமிடம் முன்னாலேயே போய்விட்டால் முழு 1 நிமிடம் தண்டம். "சீக்கிரம் போனா ஜாஸ்தி அபராதமா? நல்ல பந்தயம்டே" என்று அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இந்தியாவில் இதைப் பொதுச்சாலையில் நினைத்தபடி நடத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றம் என்கிறது. அதனால்தான் சிக்மகளூரில் காப்பித் தோட்டத்து வழிகளையும், கோவைப் பக்கம் காற்றாலைகளுக்குப் போகும் மண்பாதைகளையும் தேடிப் போகிறார்கள்.

அத்தானுக்குத் திருச்செந்தூரில் பட்டறை. ஆவணித் திருவிழா, மாசித் திருவிழா, கந்த சஷ்டி என்று கூட்டம் வரும்போதெல்லாம் வழியில் நின்றுபோன வேன்களை அவர்தான் எழுப்பி அனுப்புவார். அவரிடம் ஒரு ஜிப்ஸி உண்டு. 1298 சிசி இன்ஜின், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், ஒரு டன் எடை. ராணுவ ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து வாங்கியது. மாருதி 1985-ல் கொண்டுவந்து 2019-ஓடு பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திய வண்டி. நிறுத்தியதும் விலை ஏறியது. ஓடாத ஜிப்ஸிகூட இன்று உதிரிபாகச் சுரங்கம்.

ஓட்டக் கற்றது தேரியில். உடன்குடி, குதிரைமொழிப் பக்கம் வராதவர்களுக்குச் சொல்லவேண்டும்: கடலுக்குப் பக்கத்திலேயே ரத்தச் சிவப்பில் மணல்மேடு, நடுவே பனையும் உடைமரமும் முந்திரியும். சின்ன வயதில் பனங்காட்டிலிருந்து கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிவரும் ஜீப்பை அத்தான் ஓட்டியிருக்கிறார். தேரி மணலில் பிரேக் போட்டால் அங்கேயே புதைந்தீர்கள். டயரில் காற்றை இறக்கிவிட்டு, ஏற்றத்தில் நிற்காமல், ஸ்டீரிங்கைச் சண்டை போடாமல், வண்டி போக நினைக்கிற இடத்துக்கு அதைப் போகவிட்டு, கடைசி நேரத்தில் மனசை மாற்றவேண்டும். இது அவருடைய சொல். பின்னாளில் ராலி ஓட்டுபவர்களின் காணொளிகளைப் பார்த்தபோது, ஐரோப்பாவில் பள்ளி வைத்துச் சொல்லித்தருவதில் பாதி இதுதான் என்று தெரிந்தது. மீதிப் பாதியைத்தான் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது.

முதல் செலவு கூண்டு. வண்டி உருண்டால் கூரை தலையில் இறங்காமல் இருக்க உள்ளே வைக்கும் குழாய்ச் சட்டம். பிரதான வளைவுக்குக் குளிர்முறையில் இழுத்த, தையல் இல்லாத கார்பன் எஃகுக் குழாய். 45 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2.5 மில்லிமீட்டர் கனம், அல்லது 50-க்கு 2. சர்வதேச விதிப்புத்தகம் அப்படிச் சொல்கிறது. தூத்துக்குடியில் நாங்கள் ஏறிய கடைகளில் கிடைத்ததெல்லாம் தகட்டை வளைத்து ஒட்டின குழாய். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்காரர், "உருண்டாத்தான தம்பி தெரியும்" என்றார். நியாயமான வியாபாரப் பேச்சு. கோவையிலிருந்து சான்றிதழோடு குழாய் வரவழைத்தோம். பற்றவைத்தவர் தூத்துக்குடியில் மீன்பிடி விசைப்படகுகளுக்கு வேலை செய்கிறவர். அவர் கூலியை வாங்க மறுத்து, ஒரு தடவை தேரியில் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே பாதி காப்புக்காடு என்பதால் வேறொருவர் தோட்டத்தில் ஒரு சுற்று அழைத்துப்போனோம். இறங்கியவர் ஒரு வார்த்தை பேசாமல் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

கூண்டாவது கிடைக்கும் பொருள். உடம்பில் மாட்டுவது எல்லாம் இறக்குமதி. தீப்பிடித்தால் சில விநாடி அவகாசம் தரும் உடை, அதற்குள் நோமெக்ஸ் உள்ளாடை, கழுத்து முறியாமல் ஹெல்மெட்டைத் தோளோடு கட்டும் ஹான்ஸ் கருவி. எல்லாம் இரண்டு செட். யூரோவில் விலை, அதன் மேல் சுங்க வரி, அதன் மேல் ஜிஎஸ்டி. எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்தது காலாவதி. எங்கள் இருக்கை 8855-1999 என்ற தரத்தில் வந்தது. தயாரித்த நாளிலிருந்து 5 வருஷம். அதன் பிறகு, நீங்கள் அதில் ஒரு தடவைகூட உட்காராமல் பிளாஸ்டிக் உறையோடு வீட்டில் வைத்திருந்தாலும், சோதனை மேசையில் தள்ளிவிடுவார்கள். பணக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, வருஷத்துக்கு ஆறு போட்டி ஓடி அந்த 5 வருஷத்தைத் தின்றுவிடுவார். காசு சேர்த்துச் சேர்த்து ஓடுகிறவனுக்கு இருக்கை சும்மா இருந்தே செத்துப்போகும். ஆனால் விதியைக் குறைசொல்ல வரவில்லை. வார்ப்பு இழைக்கும் ரெசினுக்கும் வயது உண்டு. தோளில் ஒரு டன் வந்து மோதும்போது அது தாங்கவேண்டும்.

காப்பீடும் கிடையாது. சாதாரண வாகனப் பாலிசியில் பந்தயம், வேகச்சோதனை இரண்டுக்கும் விலக்கு போட்டிருப்பார்கள். வண்டி கிணற்றுக்குள் போனால் வண்டி கிணற்றுக்குள் போனதுதான்.

மொத்தம் 5,80,000. என் சம்பளத்தில் முழுசையும் நானே கொடுத்திருக்க முடியும். கேட்டும் பார்த்தேன். "பாதிக்குப் பாதி மாப்ள. இல்லேன்னா வண்டிய எடுக்க மாட்டேன்" என்றார். அவருடைய பாதியில் 1,25,000 அக்காவின் 5 பவுன் சங்கிலியை வைத்து வந்தது. அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது. இந்தக் கட்டுரையை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தபோது அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "பக்கத்துச் சீட்ல எவனையாவது கூட்டிட்டுப் போவக்கூடாது. நீ ஏறுனாப் போங்க."

எங்கள் கடற்கரையில் முத்துக்குளிக்கப் போகிறவன் தன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான் என்று சொல்வார்கள். அண்ணன் தம்பியிடம் கொடுக்கமாட்டான். தங்கை தாலி அறுப்பதை மச்சினன் விரும்பமாட்டான், அவ்வளவுதான் தர்க்கம். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கயிறு போய்விட்டது, கணக்கு அப்படியே இருக்கிறது. அக்கா அந்தக் கதையையெல்லாம் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் என்னை ஏற்றிவிட்டது எதற்கென்று அத்தானுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

பக்கத்து இருக்கைக்காரனின் வேலை நோட்ஸ் வாசிப்பது. போட்டிக்கு முன்னால் ஸ்டேஜை மெதுவாக இரண்டு தடவை ஓட்டிப் பார்க்க விடுவார்கள். அப்போது ஒவ்வொரு வளைவையும் எண்ணால் குறித்துக்கொள்ளவேண்டும். 1 என்றால் கொண்டை ஊசி, 6 என்றால் கிட்டத்தட்ட நேர். நடுவே எத்தனை மீட்டர், மேடா, வளைவு போகப்போக இறுகுகிறதா என்பதெல்லாம். பிறகு போட்டியில் வளைவு வருவதற்கு முன்பே, அவர் முந்தைய வளைவில் இருக்கும்போதே வாசிக்கவேண்டும். லெஃப்ட், ரைட் என்று ஆரம்பித்தோம். ஹெல்மெட்டுக்குள் இன்ஜின் இரைச்சலில் அவருக்கு அது ஒரு கணம் தாமதமாக விழுந்தது. மொழிபெயர்ப்புக்கு ஆகும் நேரம். இடது, வலது என்றால் அதைவிட மோசம்; இரண்டுமே "து"வில் முடிகிறது. அவர் ஜீப் ஓட்டக் கற்றது எந்த வார்த்தையில் என்று கேட்டேன். சோத்தாங்கை, பீச்சாங்கை. அதைச் சுருக்கினோம். "சோறு மூணு, அம்பது, மேடு, பீச்சு நாலு இறுகுது, எம்பது, சோறு ரெண்டு கல்லு." அதற்குப் பிறகு தாமதமே இல்லை. சர்வீஸ் கொட்டகையில் பக்கத்து அணிக்காரர்கள் எங்கள் நோட்டைப் பார்த்து, ஏதோ மெஸ் கணக்கு என்று நினைத்தார்கள்.

பக்கத்து அணியினர் பெரும்பாலும் நல்லவர்கள். ஒருவர் எங்களுக்கு ஒரு ஜாக்கி தந்தார், திருப்பிக் கேட்கவும் இல்லை. ஆனால் அவர்களோடு பேசும்போது, அப்பா மில், மாமா ஃபவுண்டரி, தாத்தா தோட்டம் என்றுதான் கதை போகும். கோவை இந்த விளையாட்டின் ஊரானதற்கு அது ஒரு காரணம். பம்பும் நூற்பு இயந்திரமும் செய்த ஊரில் காசும் லேத்தும் ஒரே தெருவில் இருந்தன. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 போனார். அவருடைய அப்பா ராலி ஓட்டியவர். இதை எல்லாருக்கும் இறக்கிக்கொடுக்க நினைத்தவரும் அந்த ஊர்க்காரர்தான்: கரிவரதன். வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டக்கூடிய வசதி இருந்தும், மாருதி 800-ன் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று பந்தயக் கார்களைக் கட்டினார். எல்லார் வண்டியும் ஒன்றே, உதிரிபாகம் தெருமுனைக் கடையில் கிடைக்கும். நரேனும் அதில் ஓட்டித் தொடங்கியவர்தான். 1995-ல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். வட்டப்பாதைக்கு அவர் செய்ததை மண் சாலைக்கும் யாராவது செய்திருந்தால் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பின்லாந்தில் யொகமியஹென்லுவொக்கா என்று ஒரு வகைப் பந்தயம் உண்டு. 'எல்லா மனிதர்க்குமான வகுப்பு' என்று பொருள். அங்கே செலவைக் கட்டுப்படுத்த ஒரு பொல்லாத விதி: போட்டி முடிந்ததும் உங்கள் காரை ஒரு நிர்ணயித்த சிறு தொகைக்கு வாங்க யாரும் மனு கொடுக்கலாம். நீங்கள் விற்க மறுக்க முடியாது. பத்து மடங்கு காசைப் போட்டு இன்ஜின் கட்டினால், அதை அடுத்தவன் கைக்கு அள்ளிக்கொடுக்க வேண்டியதுதான். நம்மூர் ஏலச்சீட்டில் புழங்கியவர்களுக்கு இந்த விதியின் அழகு உடனே புரியும். உலக ராலிப் போட்டியிலேயே 2027 முதல் காரின் விலைக்கு 3,45,000 யூரோ என்று உச்சவரம்பு வைக்கப்போகிறார்கள். நம் காசில் மூன்று கோடிக்கு மேல். இதைக் குறைத்த விலை என்கிறார்கள்.

பணம் கொடுக்காதவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் தேசிய ராலி நடந்துகொண்டிருந்தபோது, மூடப்பட்டிருந்த ஸ்டேஜுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அதிலிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். இதை நான் பதிவு செய்யும் முன்பே படித்திருந்தேன். நாங்கள் ஓடிய பாதையில் ஒரு சந்திப்பில், கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரியவர் இரண்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் ஓட்டத்தில் பார்த்தேன். இரண்டாவது ஓட்டத்துக்கு, அந்தச் சந்திப்புக்கு முந்தைய வரியில் பென்சிலால் "ஆடு" என்று எழுதி, அதையும் சேர்த்து வாசித்தேன். அத்தான் காலை எடுத்தார். ஒன்றரை விநாடி போயிருக்கும்.

இரண்டாம் நாள் ஐந்தாவது ஸ்டேஜில் பின்பக்கப் பட்டையில் முதல் பட்டை முறிந்தது. சத்தம் வந்ததும் நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது, பேச்சு அப்படி. கேட்டேன். "ஓடும் மாப்ள, நீ வாசி" என்றார். ஸ்டேஜ் முடிய 6 கிலோமீட்டர். வேகத்தைப் பாதியாக்கி, சோத்தாங்கைப் பக்கம் சாய்ந்த வண்டியைத் தேரி ஜீப்பைப் போலவே நயந்து பேசிக் கொண்டுவந்து சேர்த்தார். சர்வீஸில் எங்கள் பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் 20 நிமிடத்தில் கட்டை மாற்றினார்கள். எங்கள் வகுப்பில் 7 வண்டி கிளம்பி 4 முடித்தன. நாங்கள் நான்காவது. கோப்பை கிடையாது. முடித்ததற்கு ஒரு சான்றிதழ்; பட்டறையில் முருகன் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது.

அக்காவின் சங்கிலி பதினான்கு மாதத்தில் திரும்பி வந்தது. இன்றைக்குப் பவுன் விற்கிற விலையில் அதை நினைத்தால் அவளைவிட எனக்குத்தான் வயிறு கலங்குகிறது. அதற்குப் பிறகு நாங்கள் ஓடவில்லை. மகனுக்குப் பள்ளிக் கட்டணம், பட்டறைக்கு முன்பணம் என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று முன்னால் வந்து நின்றது. 2025 ஜூலையில் கோவில் குடமுழுக்குக்கு வந்த கூட்டத்தில் பட்டறை பத்து நாள் தூங்கவில்லை. அந்தக் காசைத் தனியாக எடுத்து வைத்திருப்பதாக அத்தான் போனில் சொன்னார். எக்செலைத் திறந்தேன். கூண்டு இருக்கிறது, உடை இருக்கிறது. இருக்கையின் தேதி மட்டும் வரும் டிசம்பரோடு முடிகிறது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே அத்தானிடம், "சீட்டு டிசம்பர்ல முடியுது" என்றேன்.

அடுக்களையிலிருந்து அக்கா கேட்டாள்: "எந்தச் சீட்டுல? கட்டுற சீட்டா, உக்காருற சீட்டா?"

"உக்காருறது."

"கட்டுறது தையிலதான் விழும்" என்றாள். அத்தான் என்னைப் பார்க்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.