எல்லையை விட வயசு கூடிய உம்மா



பிளேனில் போனால் நாட்டு எல்லை கண்ணில் படாது. அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு தடவையாவது பஸ்ஸில் போகவேண்டும்.

2024 ஜுலையில், குரோஷியாவின் தலைநகரான ஸாக்ரெபில் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அது முடிந்து மிஞ்சிய இரண்டு நாளில் பக்கத்து நாடான பொஸ்னியாவுக்குப் போய் சரயேவோவைப் பார்த்தேன். 16ஆம் நூற்றாண்டில் கட்டிய காஸி ஹுஸ்ரேவ் பேக் பள்ளிவாசலில் ழுஹர் தொழுதேன். 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்த நகரம் அது. சில சுவர்களில் சூட்டுத் தடங்கள் இன்னும் இருக்கின்றன.

திரும்பி ஸாக்ரெபுக்கு வந்தது பஸ்ஸில்தான். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வழியில் ப்ரோட் என்ற ஊரில் சாவா ஆறு வருகிறது. தென்கரை பொஸ்னியா, வடகரை குரோஷியா, நடுவில் ஒரு பாலம். பாலத்துக்கு முன் ஒரு சோதனை, பாலம் தாண்டியதும் இன்னொன்று. இரண்டாவதில் எல்லோரும் இறங்கி, கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி யன்னல் முன்னால் வரிசையில் நிற்கவேண்டும்.

மற்றவர்களுக்கு அரை நிமிஷம்தான் எடுத்தது. என் முறை வந்ததும் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். எனது விசா பல தடவை உள்நுழையக்கூடியதா என்று பார்த்தார். (போக நினைப்பவர்கள் கவனியுங்கள்: ஒரு தடவை மட்டும் நுழையும் விசாவில் வெளியே போனால் திரும்ப உள்ளே வரமுடியாது.) ரிட்டர்ன் டிக்கெட் கேட்டார், பட்டறைக் கடிதம் கேட்டார், போனில் யாரிடமோ பேசினார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் மற்ற எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். சாரதி மணிக்கூட்டைப் பார்க்கிறார். என்னை விட்டுவிட்டு பஸ் கிளம்பினால், தெரியாத நாட்டின் ஒரு பாலத்தடியில் தனியாக நிற்பேன். துஆ ஓதிக்கொண்டே நின்றேன். கால் மணித்தியாலத்துக்குப் பிறகு சீல் குத்தித் தந்தார்.

ஏறியபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த வயசான உம்மா ஒருவர் என் பையைத் தன் மடியில் வைத்திருந்தார். "இந்தப் பிள்ளை வராமல் பஸ்ஸை எடுக்கவேண்டாம் என்று உம்மம்மா சாரதியிடம் சொல்லிவிட்டார்" என்று அவருடைய பேரன் ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு அவர் பேசப் பேச அவன் மொழிபெயர்த்தான். இளம் வயதில் அக்கரைக்கு வேலைக்குப் போய் பின்னேரம் வீடு திரும்புவாராம். கடவுச்சீட்டு இல்லை, வரிசை இல்லை. அப்போது இரண்டு கரையும் யூகோஸ்லாவியா என்ற ஒரே நாடு. 1991இல் குரோஷியாவும் 1992இல் பொஸ்னியாவும் பிரிந்தன. யுத்தம் வந்தது. வேலைக்குப் போன பாலம் நாட்டு எல்லையானது. இந்த எல்லையை விட அந்த உம்மாவுக்கு வயசு கூட.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று முடிவெடுத்த ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் கூட்டில் 2023 ஜனவரி 1ஆம் திகதி குரோஷியா சேர்ந்தது. உடனே அதன் இன்னொரு அயல்நாடான ஸ்லோவேனியாவுடனான எல்லையில் சோதனை நின்றது. அதே வருடம் ஒக்டோபர் 21இல் ஸ்லோவேனியா தற்காலிகம் என்று சொல்லி மறுபடியும் சோதனையைத் தொடங்கியது. ஆறும் மலையும் அல்லாஹ் படைத்தது. கோடு மனுஷன் போடுவது, அழிப்பது, திரும்பவும் போடுவது.

பஸ்ஸை விட்டு இறங்கி அட்டையைக் காட்டுவது நமக்குப் புதிதல்ல. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு நடந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். இன்று அதே ஏ9 வீதியில் பஸ் நிற்காமல் போகிறது. யன்னலோரம் இருக்கும் பிள்ளைகளுக்கு அது எந்த இடம் என்றே தெரியாது.

வகுப்பில் வரைபடம் படிப்பிக்கும்போது இப்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன்: "இந்தக் கோடு எந்த வருடம் போட்டது?" பதில் தேடி அவர்கள் அட்லஸைப் புரட்டுகிறார்கள். நமது ஊர்க் கோடுகளுக்கான பதில் அட்லஸில் கிடைக்காது. ஓமந்தையைக் கடந்தவர்கள் அதை உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லுங்கள்.