நீரில் கட்டிய யானை

திருவனந்தபுரத்தில், கோயில் தோப்பொன்றில் வாரக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும் கொம்பனைப் பற்றிக் கேட்டேன். "நீரில் கெட்டியதாணு, சாரே" என்றார் பாகன். மதநீரை இங்கே வெறும் 'நீர்' என்பர். நம் 'கட்டு' இவர்களுக்குக் 'கெட்டு'. 'நீர்' என்பதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்ட பிறகே யானையை நிமிர்ந்து பார்த்தேன். மொழியியல் படித்தவனின் புத்தி.

காட்டில் இது நடக்கும் பருவம். மதம் கொண்ட ஆண், தீனியைக் குறைத்து, வழக்கமான எல்லை கடந்து பெண் யானைகளைத் தேடி அலையும். சிறுநீர் சொட்டியபடியே தன் நிலையை வழியெங்கும் அறிவிக்கும். துருவக் கடற்பனியிலும் ஏப்ரல், மே மாதங்களில் ஆண் கரடி, பெண்ணின் காலடி மணத்தைத் தொடர்ந்து நெடுந்தொலைவு போகிறது.

கொம்பன் முன்னும் பின்னுமாக ஆடியது, சங்கிலி ஒலித்தது. துதிக்கையை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. 'கெட்டு' என்பதன் கீழும் ஒரு கோடு இழுத்தேன்.