அச்சுக்கோப்பாளரின் புதிய பிரஸ்

"அண்ணை, எனக்கொரு பிரஸ் வாங்க வேணும். நீங்கள் பிரஸ்காரர்தானே, ஒருக்கா வந்து பாருங்கோ."

2024 வசந்தகாலத்தில் கனடாவிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு இது. பேசியவர், எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் நான் பணியாற்றிய நாளிதழில் அச்சுக்கோப்பாளராக இருந்த நண்பர். புலம்பெயர்ந்து பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் மர ஆலையொன்றில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில் பத்திரிகை தொடங்கப் போகிறாரோ என்று அஞ்சினேன். ரொறன்ரோவில் மகள் வீட்டில் நின்ற நான் விமானம் ஏறிப் போன பின்னர்தான் விளங்கியது: அவர் தேடியது வேட்டைத் துவக்கின் வெற்றுக் கோதுகளை மீண்டும் ரவையாக்கும் கைப்பொறி. அதற்கும் பிரஸ் என்றுதான் பெயர்.

வெற்றுக் கோது எனக்கு அந்நியமான பொருளன்று. எண்பதுகளில் செய்தி சேகரிக்கச் சென்ற இடங்களில் அவற்றைப் பொறுக்கியிருக்கிறேன். அடிப்பகுதியில் பொறித்த எழுத்துகளிலிருந்து செய்த இடத்தையும் ஆண்டையும் ஊகிக்கலாம். நண்பரின் வாகனக் கொட்டகையில் அவை மரப்பெட்டியில் துடைத்து அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றைக் கையிலெடுக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் ஆண்டுதோறும் உரிமத்துடன் மூஸ் என்னும் பெரிய மானினத்தை வேட்டையாடப் போவார். ஒன்று விழுந்தால் குளிர்காலம் முழுவதும் வீட்டில் இறைச்சி. அவருடைய துவக்கு, இலண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912 இல் அறிமுகப்படுத்திய .375 மெக்னம் ரவைக்கானது. ஆபிரிக்காவின் பெருவிலங்குகளுக்காகப் பிறந்த ரவை. மூஸுக்கு மிகை என்பேன். மலிவாகக் கிடைத்த பழைய துவக்கு என்பது அவர் விளக்கம். துவக்கு மலிவு, ரவை மலிவன்று. இருபது ரவைப் பெட்டியொன்று நூறு டொலரைத் தாண்டும். ஆகவே, பித்தளைக் கோதைச் சுருக்கி, தீமூட்டியை மாற்றி, மருந்தை நிறுத்திட்டு, சன்னத்தைப் பொருத்தும் வேலையை வீட்டிலேயே செய்துவந்தார்.

முந்தைய இலையுதிர்காலத்தில் காட்டில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. முதல் வெடியில் விலங்கு காயப்பட்டது. இரண்டாவது ரவையை ஏற்ற முயன்றபோது அது உள்ளே போகவில்லை. வெடித்த கோது நடுவே அறுந்து, முன்பாதி துவக்கின் அறைக்குள்ளேயே இறுகிவிட்டது. காயம்பட்ட விலங்கைத் தேடி இருட்டும் வரை நடந்தார்கள். கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணத்தை அவரே கண்டுபிடித்திருந்தார். அவருடைய பழைய பொறி அலுமினியத்தால் ஆனது. 'சி' எழுத்துப் போல ஒருபுறம் திறந்தது. சிறிய ரவைகளுக்கு அது போதும். .375 இன் கோதோ 2.85 அங்குல நீளமானது. அதை அச்சுக்குள் தள்ளிச் சுருக்கும்போது பொறியின் வாய் நூலிழையளவு விரிந்துகொடுக்கும். கோதும் சரிவரச் சுருங்காது. அதை ஈடுசெய்ய அச்சை மேலும் கீழும் முறுக்கி முறுக்கி, சில கோதுகளின் தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளியிருக்கிறார். இந்த ரவை அறைக்குள் நிற்பது அடியிலுள்ள பட்டியின் பிடியில். தோள் பின்வாங்கியிருந்தால் வெடிக்கும்போது கோது முன்னோக்கி நீளும். நீளும் இடம் பட்டிக்குச் சற்று மேலே. நாலைந்து முறை நீண்டால் அங்கேயே மெலிந்து அறும்.

ஆகவே புதியது வார்ப்பிரும்பால், நாற்புறமும் மூடிய சட்டத்தோடு இருக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு ரவையை முடித்துத் தரும் பன்னிலைப் பொறிகளைக் கடைக்காரர் காட்டினார். ஆண்டுக்கு முப்பது ரவை சுடுபவருக்கு வேகம் எதற்கு?

அளவிலும் ஒரு பொறி இருந்தது. முடிந்த ரவையின் நீளம் 3.6 அங்குலம்; அந்த இடைவெளி போதும் என்றேன். நண்பர் சிரித்தார். பொருத்துவதற்கு முன் சன்னம் கோதின் வாயில் முழு உயரத்தில் நிற்கும். அப்போது நான்கு அங்குலத்தைத் தாண்டும். அதைப் பிடிக்கும் விரலுக்கும் இடம் வேண்டும். பக்கத்தைக் கட்டுமுன் இடைவெளி கணக்கிட்ட மனிதரல்லவா!

இறுதியில் இரண்டு எஞ்சின. ஒன்று ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் ரொக் சக்கர். பிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943 இல் கலிபோர்னியாவின் ஒரோவில் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. போர்க்காலத்தில் சன்னத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சிறு ரவைகளின் வெற்றுக் கோதுகளையே உறையாக்கிச் சன்னம் செய்தவர் அவர். மற்றையது விஸ்கொன்சின் லீ நிறுவனத்தின் கிளாசிக் காஸ்ட். உறுதியில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. லீயின் விலை குறைவு. கழற்றிய தீமூட்டிகள் அதன் உள்ளீடற்ற தண்டு வழியே குழாய்க்குள் விழும். முழங்கால் தேய்ந்தவர் நிலத்தில் குனிந்து பொறுக்கத் தேவையில்லை. கைபிடியை இடப்பக்கம் மாற்றலாம், நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஆலை வேலையில் அவருடைய வலத்தோள் பழுதுபட்டிருந்தது. லீயே முடிவாயிற்று.

இரண்டு நாள் கழித்துத் தடித்த மேசையில் பொறியைப் பூட்டினோம். பழைய கோதுகள் ஒவ்வொன்றினுள்ளும் நுனி வளைத்த கம்பியை விட்டுத் தடவினார். உட்புறம் பள்ளம் தட்டுப்பட்டவை குப்பைக்குப் போயின, அறுபதில் இருபத்திரண்டு. மிஞ்சியதில் ஒன்றுக்கு எண்ணெய் பூசி இடக்கையால் இழுத்தார். எடுத்துத் துவக்கின் அறையில் பொருத்திப் பார்த்தார். பூட்டு மூடவில்லை. அச்சை ஒரு மயிரிழை இறக்கி மீண்டும் இழுத்தார். நாலாவது தடவை மெல்லிய தடையோடு மூடியது. அந்த இடத்தில் அச்சை இறுக்கிவிட்டு, "புரூப் சரி அண்ணை" என்றார்.

அறுந்த கோதின் பாதியை நினைவுக்குத் தரும்படி கேட்டேன். தரவில்லை. அதை மேசைக்கு நேர் மேலே சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.