பிடி அரிசியும் பேரேடும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து வீடு திரும்புகையில் அண்டை வீட்டு நண்பர் ஒருவர், "உங்கள் கிறிஸ்தவ சபைகளில் எது நல்ல சபை, எது நலிந்த சபை என்று எதைக் கொண்டு அறிவீர்கள்?" என்று என்னை வினவினார். அவர் முருக பக்தர். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அவருடைய ஊரில் கோயில் திருப்பணிக் குழுவினரிடையே மனத்தாங்கல் ஏற்பட்டிருந்தது. நான் உடனே விடை கூறவில்லை. கூற நா எழவில்லை என்பதே உண்மை. அதன் காரணத்தை இங்கு எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன்; ரயில்வேயில் குமாஸ்தா. பயணச் சீட்டு கொடுக்கும் சாளரத்தில் அமர்பவர் அனைவரும் அறிந்த விதி ஒன்றுண்டு. வேலை நேரம் முடிந்ததும், விற்ற சீட்டும் கையிலுள்ள ரொக்கமும் ஒத்திருக்க வேண்டும். குறைந்தால் சொந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். மிகுந்தால் அதையும் கணக்கில் காட்டியே தீர வேண்டும். இந்தப் பழக்கத்தை நம்பித்தான் எங்கள் சபையார் வரவு செலவுப் புத்தகத்தை என்னிடம் ஒப்புவித்தனர்.

அத்திபெலே தமிழகத்தின் வாசற்படியில் இருக்கும் ஊர். எல்லையைக் கடந்தால் ஓசூர். இங்குள்ள தொழிற்சாலைகளை நாடித் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் தூரத்துத் திருநெல்வேலியிலிருந்தும் வந்த குடும்பங்கள் சில சேர்ந்து, வாடகைக்கு எடுத்த கூடம் ஒன்றில் ஆராதனை நடத்தி வருகிறோம். தென்னாட்டுச் சபைகளின் பழைய வழக்கமாகிய பிடி அரிசிக் காணிக்கை எங்களிடமும் உண்டு. உலைக்கு அரிசி அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவார்கள் பெண்கள். வாரக் கடைசியில் அதைச் சபைக்குக் கொண்டு வருவார்கள். மிஞ்சியதைக் கொடுப்பது ஒரு வகை. உண்ண எடுத்ததிலிருந்து கொடுப்பது வேறொரு வகை. ஆகையால்தான் பிடி அரிசி கொடுக்க இயலாத ஏழை எவரும் இல்லை. அந்த அரிசியை நாங்கள் ஏலம் விட்டுக் கட்டட நிதியில் சேர்த்து வந்தோம்.

ஒரு மழைக்கால ஞாயிறன்று, ஆடைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் பாட்டி ஒருவர் என் மேசையருகே வந்து நின்றார். "தம்பி, நான் போட்ட அரிசி யார் வீட்டு உலையிலே வெந்தது?" என்று கேட்டார்.

"கட்டட நிதியில் வரவு வைத்திருக்கிறது, பாட்டி" என்றேன்.

"அப்படியா? சரி" என்று போய்விட்டார்.

பின்னர்தான் விவரம் அறிந்தேன். பாட்டியின் அடுத்த வீட்டில் எங்கள் சபை வாலிபர் ஒருவர் இயந்திரத்தில் விரல்களை இழந்து மூன்று மாதமாய் ஊதியமின்றி இருந்தார். காணிக்கைப் பையில் இடக் காசில்லாத நாணத்தால் அவர் மனைவி ஆராதனைக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். வாரந்தோறும் வரவு எழுதிய எனக்கு, வராமற்போன அக்குடும்பம் கண்ணில் படவில்லை. பாட்டியோ தம் உலையிலிருந்து இன்னொரு பிடி எடுத்து அந்த வீட்டுக்குக் கொடுத்து வந்தார். சபையும் அவ்வாறே செய்கிறது என்று எண்ணியிருந்தார்.

எங்களை நடத்தி வந்த பெரியவரிடம் சென்று, "கணக்கைச் சபையின் முன் வாசிப்போமா, ஐயா?" என்றேன். "தேவனுக்குக் கொடுத்ததை மனிதர் கேட்கலாகாது. வாசித்தால் சந்தேகந்தான் பிறக்கும்" என்றார் அவர். அவர் நேர்மையானவர், ஒரு பைசாவும் குறையவில்லை. ஆனாலும் நான் நான்கு மாதம் வாய் மூடி இருந்தேன். பெரியவர் மனம் கோணலாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது மரியாதையன்று, கோழைத்தனம்.

விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. எருசலேமின் முதல் சபையிலேயே முறுமுறுப்பு எழுந்தது. கிரேக்கமொழி பேசிய யூதர், தங்கள் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போகிறார்கள் என்று குறை கூறினர். இவர்களுள் வெளிநாடுகளில் வாழ்ந்து திரும்பியோர் பலர். நம்மைப் போன்றவர் எனலாம். தலைவர்கள் அவர்களை அடக்கவில்லை. சபையாரையே கூட்டி, பந்தி விசாரிப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! குறையுற்றவர் பக்கத்தாரிடமே பொறுப்பை ஒப்புவித்தார்கள் என்று தோன்றுகிறது. முறுமுறுப்பே இல்லாததன்று நல்ல சபை. முறுமுறுப்புக்குச் செவி கொடுப்பதே நல்ல சபை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. காசிப்பேட்டைக்கும் விஜயவாடாவுக்கும் இடையே தோர்னக்கல் என்றொரு சந்திப்பு உண்டு, ரயில்வேக்காரர்கள் அறிவார்கள். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்ற தமிழர் வாழ்ந்து பணியாற்றிய ஊர் அது. அவர் 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாய்ப் பிறந்தார். 1902-ல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூர்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டு வெட்கினார். மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. 1909-ல் அசரியா தாமே தோர்னக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். தொடக்கத்தில் கூடாரத்தில் தங்கித் தெலுங்கு கற்றார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அவருடைய சபை மக்களிற் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். தீண்டாமையின் கொடுமையை அனுபவித்தவர்கள். அவர்களிடம் காணிக்கை கேட்கலாகாது என்று அவர் எண்ணவில்லை. தானியமோ முட்டையோ கோழியோ, இயன்றதைக் கொடுக்கக் கற்பித்தார். வாங்கியே பழகியவன் கொடுக்கும்போது தலை நிமிர்கிறான் என்பதை அவர் அறிந்திருந்தார். கொடுத்தலைக் குறித்து ஒரு நூலும் எழுதினார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தைப் போற்றிய அவரே, இந்தியருக்கு வேண்டியது அவர்களுடைய நட்பு என்று துணிந்து கூறினார். கொடுப்பவன் மேலும் வாங்குபவன் கீழும் இருக்கும் வரை சபை ஒரு குடும்பமாகாது என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

நிற்க. நான்கு மாதத்துக்குப் பின் பெரியவரிடம் மீண்டும் சென்று, கணக்கை வாசிக்காவிடில் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகக் கூறினேன். பாட்டி கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவரே எழுந்து, "இன்று கணக்கு வாசிக்கப்படும். பிழை இருந்தால் அது என்னுடையது" என்றார். என் கைகள் நடுங்கின. ஏன் இத்தனை நாள் வாசிக்கவில்லை என்று கோபித்து இரு குடும்பத்தார் விலகிப் போயினர். அந்த இழப்பு இன்றும் வருத்துகிறது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் கணக்கு வாசிக்கிறோம். அரிசியை ஏலம் விடுவதில்லை. யாருக்குத் தேவை என்று அறிந்து கொடுக்கும் பொறுப்பு இரு பெண்களிடம் உள்ளது. அவர்களுள் ஒருவர் அந்தப் பாட்டி. கட்டடம் இன்னும் எழவில்லை; வாடகைக் கூடத்தில்தான் கூடுகிறோம். விரல் இழந்த வாலிபருக்குக் காவலர் வேலை கிடைத்தது. சில வாரங்களுக்குப் பின் அவர் மனைவி ஆராதனைக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வந்த ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் இட்டுவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்தார்.

நண்பருக்கு நான் அளிக்கும் விடை இதுவே. ஒரு சபை நலமாயிருக்கிறதா என்று அறிய அதன் கோபுரத்தைப் பார்க்க வேண்டாம். அதிலுள்ள ஏழைக் கிழவி ஒருவரிடம், "நீங்கள் கொடுத்தது எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். அவருக்கு விடை தெரிந்திருந்தால் சபை நலமே. கோயில் குழுவுக்கும், நம் தமிழ்ச் சங்கத்துக்கும் இது பொருந்தும் என்பது என் தாழ்மையான எண்ணம்.