கீரனூர் டு ஊட்டி... ஊசி நூல் டூர்!

பழநி பக்கத்துக் கீரனூர்ல பஸ் ஏறி, உடுமலை, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம்னு மாறி மாறி ஊட்டிக்குப் போறீங்களா? வர்க்கியும் தைலமும் வாங்குனதோட திரும்பிடாதீங்க பாஸ்! தோடர் எம்பிராய்டரி போட்ட சால்வை ஒண்ணைக் கையில எடுத்துப் பாருங்க.

ஹாஸ்டல்ல கிராஸ் ஸ்டிச் போடுற தோழிக்குக் கட்டம் போட்ட சார்ட் வேணும், ஓட்டை ஓட்டையா இருக்குற ஐடா துணி வேணும். தோடர் பெண்களுக்கு ரெண்டுமே வேணாம். வெள்ளைப் பருத்தித் துணியில, இழையை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலை ஓட்டுறாங்க. பென்சில் கோடுகூடக் கிடையாது!

இங்கிலாந்துல அந்தக் காலத்துல டிசைன் மறந்துடாம இருக்க, தனித் துணியில மாதிரி தைச்சு வெச்சாங்க. 1598-ம் வருஷம் தைச்ச ஒண்ணு லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. தோடர் வீட்டுல அம்மா கைதான் மாதிரி. பொண்ணு பார்த்துக் கத்துக்கலைன்னா, எண்ணுற வித்தை அத்தோட சரி.

2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனாலும் அச்சடிச்ச போலிகள் உண்டு. தடவிப் பாருங்க... நூல் மேடு விரல்ல தட்டுப்படலைன்னா, அது அச்சு!

அசல் கிடைச்சா, பேரம் பேசுறதுக்கு முன்னாடி ஒரு சாண் துணியில எத்தனை இழைன்னு எண்ணிப் பாருங்க. அப்புறம் வாய் வராது!