கிழமை

2025 ஜூலையில் இரண்டாம் முறையாக என் மனைவியின் ஊருக்குப் போய்வந்தேன். அவள் வரவில்லை. முதல் முறையும் வரவில்லை. மாமியார் ஊருக்கு மருமகன் தனியாகப் போவதில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊரில் மாமியாரும் இல்லை. அவர் கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறார். ஊர், மன்னார்த் தீவில் பேசாலை. 1990-ல் அங்கிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கியபோது என் மனைவிக்கு வயது இரண்டு.

நான் செங்கல்பட்டில் ஒரு வங்கியில் குமாஸ்தா. நாட்களை எண்ணுவது என் தொழில். டெபாஸிட் போட்ட நாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், எடுக்கும் நாளை விட்டுவிட வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது. அப்படிப்பட்டவன் முதல் பயணத்தில் ஒன்பது நாள் தவறினேன். அபராதம் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று. ரசீது வாங்கிய பின்னும் கணக்கு நேராகவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2023 கடைசியில் இலங்கை அரசு இந்தியர் உட்பட ஏழு நாட்டாருக்குக் கட்டணமின்றி முப்பது நாள் விஸா கொடுக்க ஆரம்பித்தது. 2024 ஜனவரியில், சேர்த்து வைத்திருந்த லீவை எடுத்துக்கொண்டு, அந்தச் சலுகையில் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமேறினேன். மனைவியின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுப்பது நோக்கம். அங்கே அதற்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்று பெயர். பழைய பதிவுகளைப் புரட்டி, பெயர் எழுத்துக்களைச் சரிபார்த்து, விண்ணப்பம் ஒருவழியாக ஏற்கப்பட்டபோது இருபத்துநாலு நாள் போயிருந்தது. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டவர், ‘ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ’ என்றார். இரண்டு நாள் கழித்துப் போய் நின்றேன். அவர் சிரித்தார். அங்கே கிழமை என்றால் வாரம்.

மாமியார் வாயிலிருந்து நூறு தடவையாவது கேட்ட சொல்தான். ஆனாலும் அவசரத்தில் என் ஊர்க் காதுதான் கேட்டது. பதினைந்து வருஷமாகக் கவிதைகளில் சொல்லைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவனுக்கு, ஒரு அரசாங்க மேஜைக்கு முன்னால் தன் தாய்மொழியின் சாதாரணச் சொல் ஒன்று புரியாமல் போயிற்று.

இதை ஒரு வேடிக்கையாக நண்பர்களிடம் சொல்லிவந்தேன். நேர்மையாகப் பார்த்தால் தவறு அந்தச் சொல்லில் இல்லை. அர்த்தம் தெரிந்த பிறகும் கையில் நாலைந்து நாள் இருந்தது. ஊர் திரும்பியிருக்கலாம்; அல்லது கொழும்புக்குப் போய் நீட்டிப்பு கேட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல் பேசாலையில், மனைவியின் தாய்மாமன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ‘தம்பி, உங்கட நாள் முடியுதெல்லோ?’ என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சுற்றிலும் தமிழ். மீன் வலை உலர்த்துகிறவர்கள் தமிழில் சண்டை போடுகிறார்கள். இங்கே எனக்கு எதற்கு அனுமதி என்று உள்ளே ஒரு குரல். தமிழ்நாட்டுக்காரனுக்கு இலங்கையைப் பற்றி உள்ள அந்தரங்கமான மிதப்பு இது. அங்கே நடந்தவற்றுக்கு இங்கே கண்ணீர் விட்டிருக்கிறோம், ஆகவே அந்த மண்ணில் நமக்கு ஒரு பாத்தியதை உண்டு என்ற எண்ணம். இதை வேறு யாராவது எழுத்தில் காட்டியிருந்தால் கிழித்திருப்பேன். என்னிடம் இருந்தபோது அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்பதாம் நாள் பலாலியில் ஒரு அதிகாரி மரியாதையாகக் காரணம் கேட்டார், டாலர் கணக்கில் அபராதம் எழுதினார், ரசீது கொடுத்தார். அரை மணிகூட ஆகவில்லை. ஒன்பது நாள் உபரிவாசம் முடிந்தது. என் பின்னால் ஒரு நாடு நின்றது. அதனால் என் தவறுக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கட்ட ஒரு ஜன்னல் இருந்தது.

ஊர் திரும்பியதும் குடியுரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2003-ல் கொண்டுவந்த திருத்தம் சட்டவிரோதக் குடியேறி என்பதற்கு வரையறை கொடுக்கிறது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் வந்த அந்நியர் ஒரு வகை. காகிதத்தோடு வந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்டவர் இன்னொரு வகை. இரண்டாம் வகை, அளவில் சிறிதானாலும், இலங்கையில் நான் செய்தது. முதல் வகை என் மனைவி. அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கடல் தாண்டிய குழந்தையிடம் பாஸ்போர்ட் இருந்திருக்க முடியாது. என் ஒன்பது நாளும் அவளுடைய முப்பத்தைந்து வருஷமும் இரண்டே வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

அதன் பின்விளைவுகள் சமமல்ல. இந்தியனைக் கல்யாணம் செய்துகொண்ட அந்நியர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம், சட்டவிரோதக் குடியேறியாக இல்லாவிட்டால். 2019-ல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் சிலரை இந்தப் பெயரிலிருந்து விடுவித்தது. இலங்கை அதில் இல்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியரானாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. எங்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். செங்கல்பட்டில் பிறந்தவள். கொளவாய் ஏரியைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் வைப்போம். நாள் கடந்து நின்றால் ஆடிட்டர் கேட்பார். தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறார்கள். என் மனைவியைப் போல் முகாமுக்கு வெளியே போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் வேறு. இத்தனை வருஷம் நின்ற பதிவை யாரும் கேட்கவில்லை.

அவள் ஏன் கூட வரவில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம். போனால் அகதிப் பதிவு போய்விடும். திரும்பிவர இலங்கைப் பாஸ்போர்ட்டும் அதில் இந்திய விஸாவும் வேண்டும். விஸா கிடைக்காவிட்டால்? அந்தக் கேள்விக்குமேல் நாங்கள் பேசியதில்லை. எழும்பூரில் புறப்பட்டு எங்கள் செங்கல்பட்டு வழியாகத் தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது போட் மெயில். அங்கே கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கினால் பேசாலை கூப்பிடு தூரம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் எண்பதுகளில் நின்றது. ரயிலின் பெயர் மட்டும் இன்னும் போட் மெயில்.

இரண்டாம் பயணம் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு, ‘சிவகங்கை’ கப்பலில். விஸா கிடைத்துவிட்டது; ஆனாலும் நாலு மணி நேரமும் வயிற்றில் பயம். பழைய முத்திரைகள் அதே பாஸ்போர்ட்டில் இருந்தன. கவுண்டரில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டி விரலால் எண்ணினார்.

‘போன முறை ஒன்பது நாள் கூட நிண்டிருக்கிறியள்.’

‘ஆமாம். பிறப்புப் பத்திரம் எடுக்க வந்தேன். மனைவியுடையது.’

‘அவ எங்கை? வரேல்லையோ?’

மூன்று சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. எனக்கு வாய் வரவில்லை. உங்கள் நாட்டுக்காரி, என் நாட்டில் கூட நாள் நின்றுவிட்டாள், அங்கே அதற்கு அபராதம் கட்ட ஜன்னல் இல்லை என்று எப்படிச் சொல்வது? ‘ஊரில் இருக்கிறாள்’ என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. முத்திரை விழுந்தது.

இந்த முறை மாமியார் ஒரு வேலை கொடுத்திருந்தார். வீட்டுக் கிணறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வளவில் இப்போது வேறு குடும்பம். நல்லவர்கள், உள்ளே விட்டார்கள். கிணறு இருந்தது, மோட்டார் போட்டிருந்தார்கள். வீடியோவில் கூப்பிட்டேன். அன்று ஞாயிறு, என் மனைவி கும்மிடிப்பூண்டியில் அம்மாவோடு இருந்தாள். மாமியார் ‘இஞ்சால திருப்புங்கோ, அங்கால திருப்புங்கோ’ என்று அழுதுகொண்டே பார்த்தார். தெற்குக் கரையில் சுழலும் காற்றாலைகளைக் காட்டினேன், தெருவில் நின்ற மன்னார்க் கழுதைகளைக் காட்டினேன். என் மனைவி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ‘போதும், வெச்சிடுங்க’ என்றாள்.

திரும்பி வந்தபின் சொன்னாள்: ‘எனக்கு அந்த ஊர் ஒண்ணும் ஞாபகம் இல்ல. ரெண்டு வயசு. ஆனா ஞாபகம் இருக்கணும்னு எல்லாரும் எதிர்பாக்கறீங்க. அம்மா, அப்புறம் நீங்க.’

அந்நியமாதல் என்ற சொல்லை எத்தனை கட்டுரைகளில் உபயோகித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. வேரிழந்தவளுக்கு வேர் தேடித் தருகிறவன் என்ற பாத்திரம் எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. அந்தப் பத்திரத்தை அவள் கேட்டதே இல்லை. பீரோவில், அகதி அடையாள அட்டைக்குக் கீழே வைத்திருக்கிறாள். ‘நான் அங்க பொறந்தவன்னு இது சொல்லுது. அதை யாரும் மறுக்கலையே. இங்க இருக்கறவன்னு சொல்ற காகிதம்தான் எனக்கு வேணும்’ என்றாள். ஒன்பது நாள் சட்டம் மீறிச் சம்பாதித்துக்கொண்டு வந்த காகிதம், அவளை அந்நியர் என்று நிரூபிக்கும் காகிதம்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விஸாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. முன்பு எங்கள் ஊரிலேயே சிறப்பு முகாம் என்ற பெயரில் இலங்கைத் தமிழர்களைப் பூட்டி வைத்திருந்தார்கள்; அந்தத் தெருவைத் தாண்டும்போது அவள் பேசுவதை நிறுத்திவிடுவாள். ஆகையால் இந்த விலக்கு சிறிய விஷயமில்லை. குடியுரிமையும் இல்லை. தண்டிக்க மாட்டோம் என்கிறது. நீ யார் என்று சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மூவரும் மாமல்லபுரம் போனோம். ஏழாம் நூற்றாண்டில் மானவர்மன் என்ற இலங்கை இளவரசன் பகைக்கு அஞ்சி நரசிம்மவர்ம பல்லவனிடம் வந்து தங்கினான் என்று சூளவம்சம் சொல்கிறது. வருஷக்கணக்காகத் தங்கினான், பல்லவனுக்காகப் போருக்குப் போனான், நாலு பிள்ளைகளும் நாலு பெண்களும் பிறந்தார்கள். பல்லவன் கொடுத்த படையோடு போய்த் தோற்று, திரும்பவும் வந்து, இரண்டாம் முறை போய் ஜெயித்தான். படை இந்தக் கரையிலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த எட்டுக் குழந்தைகளும் எந்த நாட்டார் என்று சூளவம்சம் கேட்பதில்லை. ராஜகுமாரர்களுக்கு அந்தக் கேள்வி வருவதில்லை போலும்.

கடற்கரைக் கோயில் டிக்கெட் ஜன்னலில் என் மனைவி போர்டைச் சத்தமாகப் படித்தாள். இந்தியருக்கு நாற்பது ரூபாய், அந்நியருக்கு அறுநூறு. சார்க் நாட்டவருக்கும் நாற்பதுதான். குழந்தைக்கு இலவசம்.

‘இந்த ஜன்னல்ல நீங்களும் நானும் ஒண்ணு’ என்று சிரித்தாள்.

இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள், சீக்கிரம் வாங்க என்று பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.